ஃபோர்டு மாடல் டி காரின் ஆண்டைக் கண்டறிவது எப்படி

1908 அக்டோபர் 1 அன்று அமெரிக்காவில் அறிமுகமான ஃபோர்டு மாடல் டி, 1927 மே 26 அன்று ஒன்றரைக் கோடியாவது கார் ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாள் வரை, ஏறத்தாழ 19 ஆண்டுகள் ஒரே பெயரில் தயாரிக்கப்பட்டது. நான்கு சிலிண்டர்களை ஒரே வார்ப்பில் கொண்ட 177 கன அங்குல எஞ்சின், ஏறத்தாழ 20 குதிரைத்திறன், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 100 அங்குலம் என்ற அடிப்படை அளவுகள் இத்தனை ஆண்டுகளிலும் மாறவில்லை. 1925-இல் செய்யப்பட்ட எஞ்சின் 1915-இல் செய்யப்பட்ட சேஸிஸில் அதிகச் சிரமமின்றி உட்கார்ந்துவிடும். விவசாயிகளும் மெக்கானிக்குகளும் ஒரு நூற்றாண்டாக அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். எனவே ஒரு மாடல் டி எந்த ஆண்டைச் சேர்ந்தது என்ற கேள்விக்குப் பதில், தொலைவிலிருந்து பார்க்கும்போது எளிதாகவும், அருகில் சென்றதும் கடினமாகவும் இருக்கும்.

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்காமல் புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குவது, இந்தக் கார்களுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய தீங்கு. ஆண்டைத் தவறாகக் குறித்துக்கொண்டவர், அந்த ஆண்டுக்குப் பொருந்தவில்லை என்று எண்ணி, உண்மையில் காரோடு பிறந்த உதிரிபாகங்களையே கழற்றி எறிந்துவிடுவார். எறியப்பட்ட பிறகு காரின் வரலாற்றை மீட்க வழியே இல்லை. ஆகவே ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே இந்தத் தேடலை முடித்துவிட வேண்டும்.

இதற்குத் தேவையான கருவிகள் மிகக் குறைவு. நல்ல டார்ச் விளக்கு, சிறு காந்தம், அளவு நாடா, மண்ணெண்ணெயில் நனைத்த துணி, வெள்ளைச் சாக்கட்டி, குறிப்பேடு, படம் எடுக்க ஒரு கைபேசி ஆகியவை போதும். கம்பி பிரஷ், உப்புத்தாள், கிரைண்டர் ஆகியவற்றைக் காரின் அருகில் கொண்டுவரவே கூடாது. பொறித்த எண்களும் பழைய பெயின்ட்டின் அடுக்குகளும் அவற்றால் ஒரு நிமிடத்தில் அழிந்துபோகும்.

முதலில் ‘ஆண்டு’ என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் ஆண்டு ஜனவரியில் தொடங்கவில்லை. பெரும்பாலான ஆண்டுகளில் அது ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களை ஒட்டித் தொடங்கியது. கருப்பு ரேடியேட்டர் உறையோடு 1916 ஆகஸ்டு வாக்கில் வெளிவந்த கார் 1917 மாடல் என்றே அழைக்கப்படுகிறது. 1908-இன் இறுதியில் விற்ற முதல் கார்களும் 1909 மாடல் என்றே கணக்கில் சேர்கின்றன. ஆகவே எஞ்சினில் 1916 அக்டோபரைக் காட்டும் அடையாளமும், பாடியில் 1917-ஐக் காட்டும் அடையாளமும் ஒருசேர இருந்தால், அதில் முரண்பாடு எதுவுமில்லை.

இன்னொன்றையும் மனத்தில் இருத்த வேண்டும். புதிய உதிரிபாகம் வந்த நாளன்றே பழையது நிறுத்தப்பட்டுவிடவில்லை. கையிருப்புத் தீரும்வரை பழையதையும் பூட்டினார்கள். டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலேண்ட் பார்க்கில் மட்டுமன்றி, கான்சாஸ் சிட்டி உட்பட நாட்டின் பல நகரங்களில் இருந்த கிளை ஆலைகளிலும் கார்கள் பூட்டப்பட்டதால், ஓர் ஆலையில் வந்துவிட்ட மாற்றம் மற்றோர் ஆலைக்குச் சில மாதங்கள் கழித்தே போய்ச் சேர்ந்திருக்கலாம். எனவே கீழே சொல்லும் ஆண்டுகளைச் சுவர்போல எண்ணாமல், முன்னும் பின்னும் சில மாதங்கள் அசையக்கூடிய வேலிபோல எண்ணிக்கொள்வதே சரி. ஒரே ஓர் அடையாளத்தை நம்பி முடிவு சொல்லாமல், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து அடையாளங்கள் ஒரே காலத்தைக் காட்டுகின்றனவா என்று பார்ப்பதுதான் இந்த வேலையின் அடிப்படை.

பத்தடி தள்ளி நின்று முகத்தைப் பாருங்கள்

காரின் நேர் முன்னால் பத்தடி தள்ளி நின்று ரேடியேட்டரைப் பாருங்கள். அது பித்தளையில் பளபளத்தால், கார் 1909 முதல் 1916 வரையிலான மாடல்களில் ஒன்று. ரேடியேட்டரைக் கருப்பு வண்ணம் பூசிய தகட்டு உறை மூடியிருந்தால், அது 1917 மாடலோ அதற்குப் பிந்தியதோ ஆகும். நிக்கல் முலாம் பூசிய உறை 1926, 1927 மாடல்களின், குறிப்பாக மூடிய கார்களின் அடையாளம். ஆனால் பழைய கார்களுக்கு அழகுக்காக நிக்கல் உறையைப் பிற்காலத்தில் மாட்டியவர்களும் உண்டு. ஆகவே இதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

கருப்பு உறை கொண்ட கார்களுக்குள் ஒரு நுட்பமான வேறுபாடு இருக்கிறது. 1923 ஆகஸ்டு வாக்கில், 1924 மாடலுக்காக, ரேடியேட்டரைச் சற்று உயர்த்தி, பானட்டையும் அதற்கேற்ப உயர்த்தி, ரேடியேட்டரின் அடியில் ஒரு தகட்டு ஏப்ரனையும் சேர்த்தார்கள். அதற்கு முந்திய கார்களில் ரேடியேட்டரின் கீழ்ப்பகுதி மறைப்பின்றித் தெரியும். இரண்டு கார்களும் அருகருகே நின்றால் ஒரு பார்வையிலேயே புரிந்துவிடும் இந்த வேறுபாடு, ஒரே கார் தனித்து நிற்கும்போது எளிதில் தப்பிவிடுகிறது. எனவே ஏப்ரன் இருக்கிறதா என்பதை முதலில் பார்ப்பது நல்லது.

அடுத்து விளக்குகள். தொடக்க கால மாடல் டி கார்களின் முன்விளக்குகள் கார்பைடு வாயுவில் எரிந்தன. கார்பைடையும் தண்ணீரையும் சேர்த்து வாயு உண்டாக்கும் பித்தளைக் கலம் ஃபுட்போர்டின்மேல் பொருத்தப்பட்டிருந்தது. 1915 மாடலிலிருந்து முன்விளக்குகள் மின்சாரத்துக்கு மாறின. அந்த மின்சாரம் பேட்டரியிலிருந்து வரவில்லை. எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீலில் 16 காந்தங்களைப் பூட்டி அமைத்த, மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோவிலிருந்து நேராக வந்தது. இதனால் எஞ்சின் வேகமாக ஓடினால் விளக்கு பிரகாசமாகவும், மெதுவாக ஓடினால் மங்கலாகவும் எரியும். அதே கார்களில் பக்க விளக்குகளும் பின்விளக்கும் மண்ணெண்ணெயில் எரிந்தன என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். மின்சார முன்விளக்கும் மண்ணெண்ணெய்ப் பக்க விளக்கும் ஒரே காரில் இருப்பதைப் பார்த்து, யாரோ கலந்து மாட்டிவிட்டார்கள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஸ்டார்ட்டர் இல்லாத கார்களில் அதுவே தொழிற்சாலை முறை.

பக்கவாட்டுக்கு வாருங்கள்

காரின் ஆண்டைச் சொல்லும் தடயங்களில் பெரும்பகுதி பக்கவாட்டில்தான் இருக்கிறது. பானட் முடிந்து பாடி தொடங்கும் இடத்தை முதலில் பாருங்கள். 1914 வரை அந்த இடத்தில் நிமிர்ந்து நிற்கும் மரத் தடுப்புப் பலகை ஒன்று வெளிப்படையாகத் தெரியும். சிறிய பானட், அதன் பின்னால் பலகை, அதன் பின்னால் அகன்ற பாடி என்று மூன்றும் தனித்தனியாக நிற்கும். 1915 மாடலின் திறந்த கார்களில் வளைந்த தகடு ஒன்று பானட்டையும் பாடியையும் இணைத்து அந்தப் பலகையை உள்ளே மறைத்துவிட்டது. அதே மாடலில் பானட்டின் இருபுறமும் ஆறு காற்றுப் பிளவுகள் வந்தன. பின் மட்கார்டுகள் சக்கரத்தின் வட்டத்தைத் தொடர்ந்து வளைந்தன. ஆகவே பித்தளை ரேடியேட்டர், வளைந்த இணைப்புத் தகடு, காற்றுப் பிளவுகள், வளைந்த பின் மட்கார்டு ஆகிய நான்கும் ஒன்றாக இருந்தால், கார் 1915 அல்லது 1916 மாடல் என்று ஏறத்தாழ உறுதியாகவே சொல்லலாம். 1917 மாடலில் முன் மட்கார்டுகளும் வளைந்து நடுவில் மேடிட்ட வடிவம் பெற்றன. பானட்டின் வடிவமும் மாறியது.

கதவுகளும் பேசும். முந்திய டூரிங் கார்களில், அதாவது முன்னும் பின்னும் இருக்கை வரிசை கொண்ட திறந்த கார்களில், முன் இருக்கைக்குக் கதவே இல்லை. 1912 வாக்கில் முன் கதவுகள் வந்தபோதும், அமெரிக்காவில் செய்த கார்களில் ஓட்டுநர் பக்கத்தில் இருந்தது கதவுபோல் தோன்றும் பொய்க் கதவுதான். ஓட்டுநர் மறுபுறம் ஏறி நகர்ந்து உட்கார வேண்டும். 1913-இன் கதவுகள் கோணமான அடிப்பகுதியோடு பாடியின் கீழ்விளிம்புவரை இறங்குகின்றன. 1914-இன் கதவுகள் அடிமூலைகள் உருண்டு, பாடித் தகட்டுக்குள் பதிந்திருக்கின்றன. 1926 மாடலில்தான் அமெரிக்க டூரிங் காருக்கு ஓட்டுநர் பக்கத்திலும் திறக்கும் கதவு வந்தது.

இங்கே காந்தத்தைப் பயன்படுத்துங்கள். 1911-க்கு முந்திய பாடிகள் பெரும்பாலும் மரச்சட்டத்தின்மேல் மரப்பலகை பொருத்தியவை. 1911-இல் மரச்சட்டத்தின்மேல் இரும்புத் தகடு பொருத்தும் முறைக்கு மாறினார்கள். தொடக்க ஆண்டுகளில் பானட் அலுமினியத்தாலானது. 1916 வாக்கில் அது இரும்புத் தகட்டுக்கு மாறியது. 1912 என்று சொல்லி விற்கப்படும் காரின் பானட்டில் காந்தம் கெட்டியாக ஒட்டிக்கொண்டால், அந்தப் பானட் பிற்காலத்தது என்று புரிந்துகொள்ளலாம். பெயின்ட்டுக்கு அடியில் பட்டி தடிமனாகப் பூசப்பட்ட இடங்களில் காந்தம் இரும்பின்மேலும் ஒட்டாது. எனவே ஓர் இடத்தில் மட்டும் வைத்துப் பார்க்காமல் பல இடங்களில் வைத்துப் பாருங்கள்.

முன்கண்ணாடியைப் பொறுத்தவரை, டூரிங், ஒரே இருக்கை வரிசை கொண்ட ரன்அபவுட் ஆகிய திறந்த கார்களில் 1922 இலையுதிர்காலத்தில் வந்த மாற்றம் ஒன்றை மட்டும் நினைவில் கொண்டால் போதும். அதற்கு முன் செங்குத்தாக நின்ற கண்ணாடி, 1923 மாடலில் பின்னோக்கிச் சாய்ந்தது. ஒரே ஆள் ஏற்றி இறக்கக்கூடிய மடக்குக் கூரையும் அப்போதுதான் வந்தது. சாய்ந்த கண்ணாடி இருந்து, ரேடியேட்டருக்கு அடியில் ஏப்ரன் இல்லையென்றால், 1922-இன் இலையுதிர்காலத்துக்கும் 1923-இன் கோடைக்கும் இடைப்பட்ட சில மாதங்களுக்குள் காரை அடைத்துவிடலாம். பக்கவாட்டின் நடுவில் ஒரே கதவு கொண்ட சீடான், 1915 மாடலில் அறிமுகமாகி, 1923 வாக்கில் இரண்டு கதவு ‘ட்யூடர்’, நான்கு கதவு ‘ஃபோர்டோர்’ சீடான்களுக்கு இடம்விட்டு மறைந்தது. தொழிற்சாலையிலேயே பிக்கப் பெட்டி பொருத்திய ரன்அபவுட் 1925 ஏப்ரலில் வந்தது. அதற்கு முந்திய காரில் அத்தகைய பெட்டி இருந்தால், அது உரிமையாளரோ உள்ளூர் தச்சரோ செய்து பொருத்தியதுதான்.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் 1925 ஆகஸ்டு வாக்கில் வந்த 1926 மாடல். சேஸிஸ் தாழ்ந்தது; பாடி நீளமும் அகலமும் பெற்றது; பின் பிரேக் டிரம்கள் பெரிதாயின; அகன்ற பலூன் டயர்கள் 21 அங்குல ரிம்மில் வந்தன; கம்பிச் சக்கரங்களும் விரும்பினால் கிடைத்தன. ஃபோர்டோர் சீடான் தவிர மற்ற கார்களில் பெட்ரோல் டேங்க் இருக்கைக்கு அடியிலிருந்து முன்கண்ணாடிக்கு முன்னால் உள்ள பகுதிக்கு மாறியது. இது வெறும் இட மாற்றம் அன்று. மாடல் டி-யில் பெட்ரோல் பம்ப் கிடையாது. பெட்ரோல் தானாக வழிந்துதான் கார்புரேட்டருக்குப் போக வேண்டும். டேங்க் இருக்கைக்கு அடியில் இருந்த கார்களில், பெட்ரோல் குறைந்த நிலையில் செங்குத்தான மேட்டில் ஏறினால் எஞ்சின் பெட்ரோலின்றி நின்றுவிடும். அதனால் அந்த மேடுகளைப் பலர் ரிவர்ஸில் ஏறினார்கள். முன்கண்ணாடிக்கு வெளியே, பானட்டுக்குப் பின்னால் உள்ள சிறு மூடியைத் திறந்து அங்கே டேங்க்கின் வாயைக் கண்டால், அது 1926 அல்லது 1927 மாடல் பாடி.

நிறத்தைப் பற்றிய தவறான நம்பிக்கை

மாடல் டி என்றால் கருப்பு என்பது உலகெங்கும் வேரூன்றிவிட்ட எண்ணம். 1914 முதல் 1925 வரையிலான மாடல்களுக்கு அது உண்மை. ஆனால் 1909-இன் கார்கள் சிவப்பு, சாம்பல், பச்சை நிறங்களில் வந்தன. அதன் பின் அடர்பச்சையும், 1911, 1912 வாக்கில் அடர்நீலமும் வந்தன. 1926 மாடலில் மூடிய கார்களுக்குப் பச்சையும் மெரூனும் வந்தன. பிறகு திறந்த கார்களுக்கும் நிறங்கள் திரும்பின. ஆகவே 1910-ஆம் ஆண்டுக் காரைக் கருப்பாகக் கண்டால் அதைச் சுரண்டிப் பார்க்காமல், இருக்கைப் பலகைக்கு அடியிலும், கதவுக் கீல்களின் பின்புறமும், பழைய பெயின்ட் பாதுகாப்பாக எஞ்சியிருக்கும் மூலைகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய அடர்பச்சையும் அடர்நீலமும் வயதேறும்போது கருப்பைப் போலவே தோன்றுவதால், வெயிலில் வைத்துப் பார்ப்பதே நம்பத்தகுந்த முறை.

பானட்டைத் திறந்து எண்ணைப் படியுங்கள்

இனி எஞ்சின். இங்கே கிடைக்கும் இரண்டு தடயங்களும் வெவ்வேறானவை. பலர் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள்.

முதலாவது எஞ்சின் எண். 1912 வாக்கிலிருந்து இது பிளாக்கின் இடப்புறத்தில், ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் எஞ்சினுக்குள் நுழையும் குழாய்க்கு நேர் மேலே உள்ள சிறு மேட்டில் எண் அச்சுகளால் அடித்துப் பொறிக்கப்பட்டிருக்கும். இடம், வலம் என்று சொல்வது ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்கும் கணக்கு. மண்ணெண்ணெய்த் துணியால் அழுக்கை மெதுவாக ஊறவைத்துத் துடைத்து, சாக்கட்டியை மேலே தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்துபோன எண்ணும் எழும்பித் தெரியும். எண்ணைச் சுற்றியுள்ள பரப்பு மற்ற இடங்களைவிட வழுவழுப்பாகவோ கிரைண்டர் கோடுகளோடோ இருந்தால், பழைய எண் அழிக்கப்பட்டுப் புதியது பொறிக்கப்பட்டிருக்கிறது என்று ஐயப்படுங்கள். அது எப்போதும் மோசடி அல்ல. எண் இல்லாமல் விற்ற மாற்று பிளாக்கில் காரின் பழைய எண்ணையே டீலர் அடித்துக் கொடுப்பது அக்காலத்தில் சாதாரண வழக்கம்.

எண்ணை ஆண்டாக மாற்றச் சில மைல்கற்கள் உதவும். 10 லட்சமாவது கார் 1915 டிசம்பர் 10 அன்றும், ஒரு கோடியாவது கார் 1924 ஜூன் 4 அன்றும், ஒன்றரைக் கோடியாவது கார் மேலே சொன்னபடி 1927 மே 26 அன்றும் வெளிவந்தன. இவற்றுக்கிடையே, 1912-இன் முடிவில் எண்கள் ஏறத்தாழ 1.83 லட்சத்தையும், 1919-இன் முடிவில் ஏறத்தாழ 36.6 லட்சத்தையும், 1922-இன் முடிவில் ஏறத்தாழ 69.5 லட்சத்தையும், 1925-இன் முடிவில் ஏறத்தாழ 1.3 கோடியையும் எட்டியிருந்தன. முதல் பத்து லட்சத்துக்கு ஏழு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1923-க்குப் பிறகோ ஒரே ஆண்டில் ஏறத்தாழ இருபது லட்சம் என்ற வேகம். 1913 அக்டோபரில் ஹைலேண்ட் பார்க்கில் சேஸிஸ்களை நகரும் வரிசையில் பூட்டத் தொடங்கியதும், பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த வேலை 1914-இல் 93 நிமிடத்துக்குச் சுருங்கியதும் இந்த எண்களில் அப்படியே பதிந்திருக்கின்றன. அதனால்தான் தொடக்க கால எண்ணில் ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்தால் பல மாதங்கள் பிசகிவிடும். 1924-க்குப் பிந்திய எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் தெரியாவிட்டாலும் மாதத்தைச் சொல்லிவிடலாம். நாள்வாரியான எண் பட்டியல்களை அமெரிக்காவின் மாடல் டி சங்கங்கள் வெளியிட்டிருக்கின்றன. இறுதி முடிவுக்கு அவற்றோடு ஒப்பிடுவது அவசியம்.

இரண்டாவது தடயம் வார்ப்புத் தேதி. இது பொறிக்கப்பட்டதன்று, பிளாக்கின் வலப்புறத்தில், இரும்பை வார்த்தபோதே அச்சில் மேடாக எழுந்த எண்கள். 1914 வாக்கிலிருந்து இதைக் காணலாம். அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில், நாள் அடுத்து, ஆண்டு கடைசியில் வரும். 5 6 24 என்று இருந்தால் அது மே மாதம் 6-ஆம் தேதி; நம் வழக்கப்படி ஜூன் 5 என்று படித்துவிடக் கூடாது. வார்த்த பிளாக்கைக் கடைந்து, பூட்டி, எண் அடிக்கச் சில நாட்களோ சில வாரங்களோ ஆகும். ஆகவே எண் காட்டும் தேதி வார்ப்புத் தேதிக்குச் சற்றுப் பிந்தியிருக்க வேண்டும். எண் 1919-ஐயும் வார்ப்பு 1925-ஐயும் காட்டினால், அது பழைய எண் அடித்த மாற்று பிளாக். வார்ப்புத் தேதியை மாற்ற யாரும் சிரமப்படுவதில்லை. அதனால் எஞ்சினைப் பொறுத்தவரை நான் எண்ணைவிட வார்ப்பையே பெரிதும் நம்புவேன்.

எண்ணும் வார்ப்பும் படிக்க முடியாத நிலையில் இருந்தால் பிளாக்கின் வடிவமே உதவும். முதல் 2,500 கார்களில் மட்டும் தண்ணீர் பம்ப் இருந்தது. அதன் பிறகு சூடான தண்ணீர் தானாக மேலேறி, குளிர்ந்தது கீழிறங்கும் முறைக்கு மாறினார்கள். பம்போடு பிறந்த எஞ்சின் கிடைத்தால் அது டெட்ராய்ட்டின் பிக்கெட் அவென்யூ ஆலையில் தொடக்க மாதங்களில் செய்யப்பட்டது. அதன் ஓர் ஆணியைக்கூட நிபுணர் ஒருவர் பார்க்கும்வரை தொட வேண்டாம். வால்வுகள் மூடியில்லாமல் வெளியே தெரிந்தால் 1911-க்கு முந்தியது. இரண்டு சிறு தகட்டு மூடிகள் இருந்தால் 1911 முதல் 1922 வாக்கு வரை. ஒரே நீண்ட மூடி இருந்தால் அதற்குப் பிந்தியது. 1919-இல் மின்சார ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் வந்தன; அவற்றுக்கு இடம் தரும் வகையில் எஞ்சினின் முன்பகுதியும் கியர்பாக்ஸ் மூடியும் மாற்றப்பட்டன. மூடிய கார்களுக்கு மின்சார ஸ்டார்ட்டர் அப்போதே வழக்கமான பொருளாகவும், திறந்த கார்களுக்கு விரும்பினால் கிடைப்பதாகவும் இருந்தது. எனவே எஞ்சினைக் கையால் சுழற்றிக் கிளப்பும் ஹேண்டில் மட்டுமே கொண்ட 1922 டூரிங் கார் முற்றிலும் இயல்பானது. கியர்பாக்ஸ் மூடியை எஞ்சினோடு இறுக்குவதற்காகப் பிளாக்கின் பின்மேற்புறத்தில் காதுபோன்ற வார்ப்புகள் இருந்தால் அது 1926, 1927-இன் பிளாக்.

கனடாவில் பிறந்த கார்கள்

இந்தியாவிலோ இலங்கையிலோ மலேசியாவிலோ ஒரு மாடல் டி-யைச் சந்திக்கும் தமிழ் வாசகர், மேலே சொன்னவற்றை அப்படியே பொருத்துவதற்கு முன் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். பிரிட்டன் நீங்கலாகப் பிரிட்டிஷ் பேரரசின் நாடுகளில் ஃபோர்டு கார்களை விற்கும் உரிமை, ஒன்டாரியோ மாகாணத்தின் வாக்கர்வில் நகரில் 1904-இல் தொடங்கிய கனடா ஃபோர்டு நிறுவனத்திடம் இருந்தது. வலப்புற ஸ்டியரிங் கொண்ட கார்கள் அங்கிருந்தே நம் பகுதிகளுக்கு வந்தன. 1913 வாக்கிலிருந்து கனடா தன் எஞ்சின்களுக்குத் தனி வரிசையில், எண்ணின் முன்னால் ‘சி’ என்ற ஆங்கில எழுத்தோடு எண்ணிட்டது. அந்த எண்ணை அமெரிக்கப் பட்டியலோடு ஒப்பிட்டால் கிடைக்கும் ஆண்டு முற்றிலும் தவறாகிவிடும். கனடா டூரிங் கார்களில் நான்கு கதவுகளும் திறக்கும் என்பதால், பொய்க் கதவு இல்லாததைக் கண்டு பாடி மாற்றப்பட்டுவிட்டது என்று நினைப்பதும் தவறு. இத்தகைய கார்களின் பாடியையும் மட்கார்டையும் பார்க்கும்போது மேலே சொன்ன காலவரிசை பொதுவாக உதவும். எண்ணை மட்டும் கனடா பட்டியலில் தேட வேண்டும்.

அடிப்பகுதியும் சக்கரமும்

காரின் அடியில் படுத்துப் பார்ப்பது அழுக்கான வேலை என்றாலும் அதைத் தவிர்க்க வேண்டாம். 1926 வாக்கின் சேஸிஸ்களில் எஞ்சின் எண்ணையே சட்டத்தின் வலப்புறத்திலும் பொறித்தார்கள். இரண்டும் ஒத்துப்போனால் எஞ்சினும் சேஸிஸும் ஒன்றாகவே தொழிற்சாலையை விட்டு வந்தவை. முந்திய சேஸிஸ்களில் எண் இருக்காது; இல்லாததைக் குறையாகக் கருத வேண்டாம். சக்கரங்களில், முன்னால் 30-க்கு 3 அங்குலமும் பின்னால் 30-க்கு மூன்றரை அங்குலமுமாக இரு அளவு டயர்கள் இருந்தால் அது பழைய கழற்ற முடியாத ரிம் முறை. நான்கும் மூன்றரை அங்குலமாக, ரிம்மைத் தனியே கழற்றக்கூடியதாக இருந்தால் 1919-க்குப் பிந்திய முறை. ஆனால் சக்கரங்கள் எல்லாவற்றையும்விட எளிதாக மாற்றப்பட்டவை. எனவே அவற்றின் சாட்சிக்குக் குறைந்த எடையே கொடுங்கள்.

சாட்சிகள் முரண்பட்டால்

பார்த்தவற்றை எல்லாம் குறிப்பேட்டில் பாகம், அடையாளம், அது காட்டும் காலம் என்று எழுதிக்கொண்டு, படங்களோடு சேர்த்து வையுங்கள். பிறகு அவற்றைச் சேஸிஸ், பாடி, எஞ்சின், மேலே மாட்டியவை என்று நான்காகப் பிரியுங்கள். ஒரே பிரிவுக்குள் அடையாளங்கள் ஒத்துப்போகின்றனவா என்பதே முதல் கேள்வி. பிரிவுகளுக்கிடையே ஒத்துப்போகின்றனவா என்பது இரண்டாவது கேள்வி.

எடுத்துக்காட்டாக, பித்தளை ரேடியேட்டர், ஆறு காற்றுப் பிளவுகள் கொண்ட பானட், வளைந்த பின் மட்கார்டு, பொய்க் கதவு, மண்ணெண்ணெய்ப் பக்க விளக்கு ஆகியவை உள்ள கார் ஒன்றில், 1.4 கோடியை ஒட்டிய எண்ணும், காதுபோன்ற வார்ப்புகளும் கொண்ட எஞ்சின் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பதிவுப் பத்திரமும் 1926 என்றே சொல்லலாம். ஏனெனில் அமெரிக்காவில் பல கார்களின் பத்திரங்கள் எஞ்சின் எண்ணைப் பின்பற்றியே எழுதப்பட்டன. ஆனால் பாடி, மட்கார்டு, கதவு, விளக்கு ஆகியவை ஒன்றுக்கொன்று தொடர்பின்றியே 1915, 1916 என்று ஒரே குரலில் சொல்கின்றன. அந்தக் கார் 1915 அல்லது 1916 மாடல். எஞ்சின் மட்டும் 1926-இல் செய்யப்பட்டது. பழைய எஞ்சின் தேய்ந்ததும் நொறுங்கிப்போன புதிய கார் ஒன்றிலிருந்து எடுத்து மாட்டியிருக்கலாம். அந்த எஞ்சினை எறிந்துவிட்டு 1915 எஞ்சினைத் தேடி அலைவதற்கு முன், அந்த மாற்றமும் காரின் வாழ்க்கையில் நடந்த ஒன்று என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. நன்றாக ஓடும் பிற்கால எஞ்சினோடு பல பித்தளைக் கால கார்கள் இன்றும் உயிரோடு இருப்பது அந்த மாற்றங்களால்தான்.

வேறொரு காரில், எண் ஒரு கோடியைச் சற்றுத் தாண்டி, வார்ப்பு 5 26 24 என்று காட்டி, ரேடியேட்டருக்கு அடியில் ஏப்ரனும், சாய்ந்த கண்ணாடியும், இருக்கைக்கு அடியில் டேங்க்கும் இருந்தால், 1924 ஜூன் மாதத்தில் பூட்டப்பட்ட 1924 மாடல் என்று அமைதியாக எழுதிக்கொள்ளலாம்.

முடிவை எழுதும்போது ஒரே ஆண்டை மட்டும் குறிக்காமல், “சேஸிஸும் பாடியும் 1915 அல்லது 1916, எஞ்சின் 1926 நடுப்பகுதி, சக்கரங்கள் 1919-க்குப் பிந்தியவை” என்று பிரிவுவாரியாக எழுதுங்கள். ஐயம் தீராத பாகங்களின் படங்களை மாடல் டி சங்கங்களின் நிபுணர்களுக்கு அனுப்பிக் கேட்கலாம். இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் இந்தக் காருக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. டியர்போர்னில் உள்ள பென்சன் ஃபோர்டு ஆய்வு மையம் நிறுவனத்தின் பழைய ஆவணங்களைப் பாதுகாக்கிறது. எழுதிய தாளின் ஒரு படியை நெகிழி உறையில் இட்டு, முன் இருக்கைப் பலகைக்கு அடியில், பெட்ரோல் கசிவு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். காரின் அடுத்த உரிமையாளர் முதலில் திறந்து பார்க்கும் இடம் அதுவாகவே இருக்கும்.